உப்புத் தராசில் ஏறிய கழுதை

பாலாவியில் ஒரு உப்புக் களஞ்சியத்தில் லொறி நிறுக்கும் கணினிக்கு நிரல் எழுதியது நான்தான். வேகம் போதாது என்று முதலாளி ஹாஜியார் முறைப்பட்டதால், ஓடும்போதே தன்னைச் சுருக்கிக்கொள்ளும்படி நேற்று அதை மாற்றினேன். ஒரே லொறி திரும்பத் திரும்ப வந்தால், அதன் வெற்று எடையை ஒவ்வொரு முறையும் தேடாமல் நிரல் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும்.

இன்று காலை முழுவதும் ஒரே லொறிதான் வந்துபோனது. நிரல் பறந்தது.

"மாஷா அல்லாஹ், நல்ல வேகம் மகள்" என்றார் ஹாஜியார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கழுதை தராசில் ஏறி நின்றது. நிரல் அதையும் அதே லொறி என்று நினைத்து, லொறியின் எடையைக் கழித்துச் சிட்டை அடித்துவிட்டது.

தராசடியில் வேலை செய்யும் ரிஸானா அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ராத்தா, உப்பு மைனஸ் மூணு டன் எண்டு வந்திரிக்கி."

ஹாஜியார் கழுதையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மூணு டன்னையும் இதுவா திண்ட?"

எனக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. வந்திருப்பது அதே லொறிதானா என்று பார்க்கும் வரியை எழுத மறந்திருந்தேன். 'இல்லையென்றால் பழைய வழிக்கே போ' என்று சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை.

கழுதையை இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதை வேகப்படுத்த வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.