கீறாத பலாக்கொட்டை

எங்கள் ஆபீஸ் மைக்ரோவேவ் ஓவனுக்கு மேலே ஆறு விதிகள் ஒட்டியிருக்கின்றன. எவர்சில்வர் பாத்திரம் கூடாது, முட்டை கூடாது, இறுக மூடிய டப்பா கூடாது, இப்படி.

எழுதியவர் எங்கள் சூப்பரிண்டெண்ட் சார். கீழே நாமக்கல்லிலிருந்து மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்தவர். ஓவனைப் போடும்போது ஹெல்மெட் மாட்டிக்கொள்வார்.

இன்று அவரே ஒரு கிண்ணம் பலாக்கொட்டையை உள்ளே வைத்து ஐந்து நிமிடத்துக்குத் திருகினார்.

அந்த நேரம் பார்த்து வளப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மிளகுக் கன்று கேட்டுக் கொடுத்த மனுவில் சாருடைய கையெழுத்து வேண்டும். இது மூன்றாவது நடை.

"இந்த பஸ்ஸ உட்டா சாயந்திரந்தானுங்க."

"நாளைக்கு வாங்கம்மா" என்றார் சார், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

டமார்!

ஓவன் கதவு தானாகத் திறந்துகொண்டது. சார் மேசைக்கு அடியில் இருந்தார். பக்கத்திலேயே நானும் இருந்தேன்.

அந்த அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "ஏனுங்க, கொட்டையக் கீறாமயா போட்டீங்க? அடுப்புல போட்டாலே வெடிக்குமுங்களே. ஆவி எதுல போவும்?"

பிறகு குனிந்து, மனுவையும் பேனாவையும் மேசைக்கு அடியில் நீட்டினார்.

"அப்படியே ஒரு கையெழுத்து போட்ருங்க சாமி. பஸ் வந்துரும்."

சார் அங்கிருந்தே போட்டுக் கொடுத்தார்.

சாயந்திரம் ஏழாவது விதி ஒட்டப்பட்டது: 'பலாக்கொட்டையைக் கீறிய பின்னரே வைக்கவும்.'

எங்கேயாவது கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மிச்சம் அரைக் கிலோ கொட்டை என்னிடம் இருக்கிறது. இன்னும் கீறவில்லை.