நீலமாகப் பூத்த ஹைட்ரேஞ்சா

வள்ளித்தாய்க்கு அந்த வாரம் கால் தரையில் பாவவில்லை. நாரணாபுரத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால், துவைகல்லை ஒட்டி, பாறைத் துண்டுகளை அடுக்கி நட்டிருந்த ஹைட்ரேஞ்சா கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இந்த வெக்கையில் மலைச்செடி பூப்பதே அதிசயம், அதுவும் நீலமாக!

பதியன் கொடுத்தது ஆவுடைத்தாயம்மாள். பட்டாசுக் கம்பெனி முதலாளி வீடு. வள்ளித்தாய்க்கு அங்கே தோட்ட வேலை. அந்த வீட்டுப் பாறைத் தோட்டத்துத் தாய்ச்செடியில் பூப்பதெல்லாம் ரோஸ்தான். அதனாலேயே ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு போய் நின்றாள்.

“படிகாரம் கரைச்சு ஊத்தியும் எங்களுக்கு நீலம் வரலையே வள்ளி. நீ என்ன போட்ட?”

“ஒண்ணும் போடலம்மா. எங்க வீட்டுக்காரரு நான் வர்றதுக்குள்ள தன் துணிய தானே அலசி, அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்திருவாக.”

சொல்லும்போதே முகம் மலர்ந்தது. அவள் தெருவில் எந்த ஆம்பளை தன் துணியைத் துவைக்கிறான்?

ஆவுடைத்தாயம்மாள் சிரிக்கவில்லை. “முத்துப்பாண்டிக்கு எங்க வேலை?”

“விஸ்வநத்தத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியிலம்மா. டப்பா பேக்கிங்.”

“அலுமினியமும் கந்தகமும் மண்ணுல ஏறுனாத்தான் இப்படி நீலம் வரும். பேக்கிங் ஆளு துணியில அது எப்படி வரும்? வெடிமருந்து கலக்குற மருந்து ரூம்லதான் வரும்.”

வள்ளித்தாயின் அண்ணன் இருளாண்டி வெடிவிபத்தில் கருகிச் செத்தது மருந்து அறையில்தான். அரைஞாண்கொடியை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள். அவனுடைய பதினாறாம் நாள் காரியத்தன்றே, மருந்து அறையில் கால் வைப்பதில்லை என்று மாரியம்மன் முன்னால் முத்துப்பாண்டியைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தவள் அவள்.

வேலையைப் பாதியில் விட்டு ஓடினாள். துவைகல்லில் முத்துப்பாண்டி சட்டையை அலசிக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீரில் வெள்ளி நிற அலுமினியப் பொடி மினுமினுத்தது.

“எம்புட்டு நாளா?”

அவன் நிமிரவில்லை. “பேக்கிங்ல ஆளக் குறைச்சுட்டாக வள்ளி. பத்து மாசமாச்சு. உனக்குத் தெரிஞ்சா உசுர விட்டுருவயேன்னுதான்...”

பத்து மாசம். தினமும் வாசல் வரை வந்து, சிரித்து வழியனுப்பியிருக்கிறாள்.

“எங்கண்ணன் வெந்த ரூமுக்கா நான் தூக்குவாளி கட்டிக் குடுத்தேன்?” என்று அலறினாள். ஈரச் சட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாளைக்கு வேலைக்குப் போட வேண்டுமென்று அவன் எவ்வளவு கேட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.