எல்லாருக்கும் ஒண்ணு வந்த நாள்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இருசக்கர வண்டிகள் நிறுத்தும் ஸ்டாண்டில் சீட்டு கிழிப்பதுதான் இப்போது என் வேலை. போன வாரம் மத்தியானம் எதிர்ச்சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளி நிறைய மைதாப் பசை. காற்று என் பக்கம் திரும்பியது. லேசாகப் புளித்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஒருவர் சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதையே மறந்துவிட்டேன்.

"இன்னாண்ணா, தூக்கமா?" என்றார்.

தூக்கமில்லை. தூங்கியிருந்தால்கூட அலுப்பு கொஞ்சம் தீர்ந்திருக்கும்.

அந்தப் பசையில் பல வருடம் கை வைத்தவன் நான். சேலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்கிற சின்னப் பட்டறையில் வேலை. எங்கள் ஊர்ப் பட்டுச்சேலையைப் பற்றி உலகமே பேசும். அது படுத்திருக்கும் பெட்டியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் அதில் ரேஷன் கார்டும் ஊசிநூலும் போட்டுவைப்பார்கள், அவ்வளவுதான். பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடுவோம், பூச்சி வராது. ஆனால் சோற்றைப் பிசையும்போது அந்த வாசனை வந்துவிடும். "உன் கையில சோப்பு போட்டா சோப்புதான்யா கெட்டுப்போவுது" என்பாள் என் மனைவி.

அட்டையை அளவுக்கு வெட்டியபின் ஓரத்தில் துண்டு துண்டாக மிஞ்சும். அதை என் மகள் மேகலா ஒருநாள் கேட்டாள். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன், ஏனென்றால் அவள் கேட்டது கணக்குப் பாடத்துக்காக.

அவளுக்கும் கணக்குக்கும் அதுவரை ஆகவே ஆகாது. கணக்குப் பரீட்சை என்றால் காலையிலேயே வயிற்றுவலி வரும். பாசாங்கு இல்லை, வாந்தியே எடுப்பாள். உதவலாம் என்றால் நான் ஐந்தாவதோடு நின்றவன். எங்கள் காலத்தில் கணக்கில் எண் மட்டும்தான் இருந்தது. இவள் புத்தகத்தில் எண்ணை ஒட்டிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. தவறான புத்தகத்தைத் திறந்துவிட்டோமோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் புதிதாக ஒரு கணக்கு மிஸ் வந்திருந்தார். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார், சின்ன வயது. அவர் அந்த எழுத்துக் கணக்கை ஆட்டமாக்கிவிட்டார். ஒவ்வொரு அட்டையிலும் நடுவில் ஒரு கோடு. ஒரு பாதியில் 2x + 3x என்று இருந்தால், அதோடு சேரவேண்டிய 5x வேறொரு அட்டையின் பாதியில் இருக்கும். தேடிச் சேர்த்துக்கொண்டே போனால் ரயில்பெட்டி போல நீளும். கையில் முதலில் அட்டை தீர்ந்தவர் ஜெயித்தவர். மேகலா வீட்டிலும் ஒரு செட் செய்தாள். ஆட எதிராளி வேண்டுமே, நான்தான்.

நான் ஜெயித்ததாக ஞாபகம் இல்லை. எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை.

"எக்ஸுன்னா மூணுன்னு நேத்து நீதானம்மா சொன்ன?"

"அது நேத்துப்பா. இன்னிக்கி எக்ஸு வேற."

"ஒரு தடவ மூணுன்னு வெச்சா மூணாவே இருந்துட்டுப் போவட்டுமே."

"அது எப்பிடிப்பா? நேத்து வெச்ச கொழம்பேவா இன்னிக்கும்?"

"நம்ம வூட்ல அதேதான்டி" என்று உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

தோற்றுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. எந்த மாதம் நின்றது என்றுகூடத் தெரியாது. நல்லது நடக்கும்போது யார் குறித்து வைக்கிறார்கள்?

மிஸ் இன்னொரு புதிரும் சொல்லிக்கொடுத்திருந்தார். மனசுக்குள் ஒரு நம்பர் நினைத்துக்கொள். நாலு கூட்டு. வந்ததை இரண்டு மடங்கு ஆக்கு. இரண்டைக் கழி. பாதியாக்கு. முதலில் நினைத்த நம்பரை எடுத்துவிடு. மிச்சம் மூன்று. யார் எதை நினைத்தாலும் மூன்றுதான். ஏன் அப்படி வருகிறது என்று பிள்ளைகள் படம் போட்டுக் காட்டவேண்டும். தெரியாத நம்பருக்கு ஒரு பெட்டி, தெரிந்ததற்குப் புள்ளிகள். இதை நான் பட்டறையில்கூடச் சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள் மட்டும். வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை நான். பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறவன்.

அப்படிப்பட்டவனிடம்தான் ஒருநாள் மேகலா அழுதுகொண்டு வந்தாள். பெற்றோர் சிலர் புகார் செய்துவிட்டார்களாம், பாடம் நடத்தாமல் விளையாட்டு காட்டுகிறார் என்று. பெற்றோர் கூட்டத்தில் பேசி ஆட்டத்தையே நிறுத்தப்போகிறார்களாம்.

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லுப்பா. பழையபடி ஆயிடும்பா எனக்கு."

"உங்கப்பாவா?" என்றாள் என் மனைவி. "கல்யாணத்துல ஐயரு பேரு கேட்டதுக்கே முழிச்ச ஆளுடி இது."

ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டேன். 'என் பொண்ணுக்கு வயித்துவலி நின்னுபோச்சி சார்.' அட்டை வெட்டும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஒரு வகுப்பறையில் நடந்தது. மிஸ் சுவரோரமாக நின்றிருந்தார். பிள்ளைகள் வெளியே ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுமனை புரோக்கர் ஒருவர் எழுந்தார்.

"எம்பையன் வகுப்புல ஒக்காந்து சீட்டாடிக்கினு இருக்கிறான் சார். நாளிக்கி மங்காத்தாவும் கத்துக் குடுப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர், பெரிய சார் என்போம், கையமர்த்தினார். "நிறைய பேர் இப்படிச் சொல்றாங்க. நிறுத்திடலாம்னுதான் நினைக்கிறேன். வேற யாராவது ஏதாவது சொல்றீங்களா?"

ஜன்னலில் மேகலாவின் முகம். நான் எழுந்துவிட்டேன். சட்டை முன்பக்கம் பசை காய்ந்திருப்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. தயார் செய்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. இத்தனை பேர் நடுவில் பெண்பிள்ளையின் வயிற்றுவலியைச் சொல்வதா என்று அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று வந்தது.

"ஒரு நம்பர் நெனச்சிக்குங்க சார்."

"நானா?"

"எல்லாரும்தான் சார்."

என்ன தோன்றியதோ, பெரிய சார் தலையாட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மேசைக்காலைப் பார்த்துச் சொன்னேன். "ரெண்டு மடங்கு ஆக்குங்க. நாலு கூட்டுங்க. ரெண்டு கழிங்க. பாதியாக்குங்க. மொதல்ல நெனச்சத எடுத்துடுங்க." மூச்சு வாங்கியது. "மூணு வந்துதா சார்?"

"இல்லைங்களே. ஒண்ணு வருது."

"எனக்கும் ஒண்ணுதான்யா" என்றார் புரோக்கர்.

மறுபடி சிரிப்பு. காது இரண்டும் கொதித்தன. அப்போது ஜன்னலிலிருந்து கத்தல் கேட்டது.

"தப்புப்பா!"

மேகலா உள்ளே ஓடிவந்தாள். "நாலு கூட்டிட்டு அப்பறம்தான்பா ரெண்டு மடங்கு. நீ முன்னாடியே பெருக்கிட்ட." இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல். பிறகு கூரையைப் பார்த்து, மனசுக்குள் கணக்குப் போட்டு உதட்டை அசைத்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஆனா அப்பா சொன்னமாரி செஞ்சாக்கூட எல்லாருக்கும் ஒரே நம்பர்தான் வரணும். ஒண்ணு. யாருக்குனா வேற வந்துச்சா?"

சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் நூறு நெனச்சேன், ஒண்ணுதாம்மா வந்துது" என்றாள் பின்வரிசையில் ஒரு தாய். "நான் ஏழு" என்றார் புரோக்கர், குரல் இறங்கி.

மேகலா போர்டில் இரண்டு பெட்டி வரைந்தாள். பக்கத்தில் நாலு புள்ளி வைத்து, இரண்டை அழித்தாள். பாதியாக்கினாள். ஒரு பெட்டி, ஒரு புள்ளி. பெட்டியை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். புள்ளி மட்டும் நின்றது.

"அந்தப் பொட்டிக்குள்ள எவ்ளோ இருந்தாலும் பரவால்லியா பாப்பா?" புரோக்கர் நிஜமாகவே கேட்டார்.

"பரவால்ல அங்கிள். அது போயிடுதே."

ஆட்டம் முழுதாகத் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் பெரிய சார். அதுவே பெரிது. மிஸ் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைத் தேடினேன்.

வீடு வரை எனக்குத் திட்டுதான். "இன்னாப்பா நீ, இவ்ளோ ஈசியானத மாத்திச் சொல்லிட்ட." அன்றிலிருந்து அவளுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. பஸ் நம்பரைச் சொன்னால் தப்புப்பா. கடை போர்டில் இங்கிலீஷைப் படித்தால் தப்புப்பா. குழம்பில் உப்பு சரி என்றால்கூடத் தப்புப்பா. எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த பிள்ளை அல்லவா?

அடுத்த வருடம் மிஸ் வேறு ஊருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளை மைதானத்துக்கு விட்டார்கள். வீட்டிலிருந்த அட்டைகள் ஒரு மழைக்காலத்தில் ஊறி உப்பிப்போயின. பட்டறையும் மூடியாயிற்று. மேகலா பாலிடெக்னிக் முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். குரலில் எப்போதும் ஒரு களைப்பு. நான் என்ன சொன்னாலும் "சரிப்பா" என்பாள். கரண்ட் போய்விட்டது என்றாலும் சரிப்பா. அம்மாவுக்கு முட்டிவலி என்றாலும் சரிப்பா.

போன ஞாயிறு வேண்டுமென்றே ஒன்று சொன்னேன். ஓரிக்கை ஒரு திசை, ஐயம்பேட்டை வேறு திசை. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும்.

"ஓரிக்கை பஸ்ஸு இப்பல்லாம் ஐயம்பேட்டைய சுத்திக்கினுதாம்மா போவுது" என்றேன்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம். ஒரு கொட்டாவி.

"சரிப்பா" என்றாள். "வெச்சிடவா?"