பந்து உருண்டால்தான் பில்லை

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். காற்று பலமாக அடித்தாலே கூரைத் தகரம் போய்விடும் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டதும் வாத்தியார் பிரம்புக்குப் பயந்துதான். அப்படிப்பட்ட எனக்குத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், துரைமார்களுடைய பந்தாட்டக் கிளப்பில் வேலை கிடைத்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.

அந்த மைதானத்தில் புல் கிடையாது. கல்லை அரைத்துப் பொன் எடுத்தபின் மிஞ்சும் மணலைக் கொட்டி நிரவிய இடம். வெயில் ஏறினால் மாவு மாதிரி பறக்கும். அதனால் முதலில் உருளை இழுப்பார்கள். பிறகு கோடு வருகிற இடமெல்லாம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் நான் கயிறு கட்டிச் சுண்ணாம்பு தூவுவேன். உருளை இழுக்க அண்ணன் தம்பி இரண்டு பேர். தண்ணீர் சுமக்க ஓர் அக்கா. அவள் புருஷன் சுரங்க ஷாஃப்டில் கல் விழுந்து கால் போனவன்.

எங்கள் கூலி பித்தளைப் பில்லையில் இருந்தது. பந்து உருண்ட பிறகுதான் மேஸ்திரி பில்லையைக் கையில் வைப்பார். சாயங்காலம் கிளப் பின்வாசல் ஜன்னலில் குமாஸ்தாவிடம் அதை நீட்டினால் துட்டு. ஆட்டம் நடக்காவிட்டால் பில்லை இல்லை. விடிந்ததிலிருந்து உருளை இழுத்திருந்தாலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மழை. தேங்கிய தண்ணீரைச் சாக்கால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தோம். மத்தியானம் கிளப் காரியதரிசி துரை வந்தார், பூட்ஸ் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், ஆட்டம் இல்லை என்று போய்விட்டார்.

"இன்னாங்க, அடுத்த வாரமும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அரிசிக் கடைப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது" என்றாள் என் மனைவி.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். பெங்களூரிலிருந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ரயில் ஏறி ஆட வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா நிறைகுடங்களை மைதான ஓரத்தில் இறக்கி வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா, குந்திட்டே?"

"போன வாரத்துப் பில்லை வரட்டும். அப்பால தண்ணி வரும்."

"ஐயோ, வேலை பூடும்க்கா."

"பூட்டா இன்னா? இருக்கசொல்ல மட்டும் இன்னா கெடச்சுது?"

உருளைக்காரர்களில் மூத்தவன் உருளைமேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "எங்க வேலை முடிஞ்சிச்சி. தண்ணிதான் பாக்கி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலிக்காரர் லைனில் நான் குடியிருந்த அறை மேஸ்திரி சொல்லிக் கிடைத்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் சட்டி பானையோடு வெளியே நிற்க வேண்டியதுதான். அதற்குள் அவரே கறுப்புக் கோட்டோடு வந்துவிட்டார்.

"ஏம்மே, இன்னா, மாப்ள வூட்டு விருந்தா? குந்திக்கினு இருக்கே?"

"விருந்துன்னா சோறு போட்டிருப்பீங்களே மேஸ்திரி."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஈரம் கீரம் ஒண்ணும் வேணாம். நீ போடுடா."

போட்டேன். காற்று அள்ளிக்கொண்டு போய் அவர் கோட்டிலேயே அப்பியது. மறுபடி போட்டேன். என் கண்ணிலேயே விழுந்தது. "தண்ணியை நீயே எடுத்து ஊத்தேன், கையில இன்னா கொள்ளி?" என்று கத்தினார். குடத்தின் கழுத்தைப் பிடித்தேன். அக்கா தடுக்கவில்லை.

"ஊத்து தம்பி. உனக்கும் சேத்துத்தான் குந்திக்கினு இருக்கேன்."

கை குடத்தைவிட்டு விலகியது. "போன வாரம் நானும் சாக்கு பிழிஞ்சேனுங்க மேஸ்திரி" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைரியத்தால் அல்ல, அவர் கண்ணில் படாமல் குடம் மறைக்கும் என்றுதான்.

ஸ்டேஷனில் ரயில் கூவியது. சற்று நேரத்தில் சிப்பாய்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள், முன்னால் காரியதரிசி துரை. சாயங்கால ரயிலுக்கு அவர்கள் திரும்பியாக வேண்டும். துரை மைதானத்தைப் பார்த்தார், பைக்கடியாரச் சங்கிலியை இழுத்தார்.

"மேஸ்திரி! கோடு எங்கே?"

"சுண்ணாம்பு வந்து... துரை..." என்றார் மேஸ்திரி. சுண்ணாம்பு வாளி நிறைய அவர் காலடியிலேயே இருந்தது. அவர் துரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோட்டுப் பையைத் துழாவி, போன வாரத்துக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு பில்லை எங்கள் கையில் திணித்தார். "மழை பேஞ்சா இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்று பல்லைக் கடித்தார்.

அக்கா பில்லைகளை முந்தானையில் முடிந்துகொண்டு குடத்தைத் தூக்கினாள். நான் அவசர அவசரமாகப் போட்ட ஓரக்கோடு பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஜன்னலில் குமாஸ்தா இரண்டு பில்லையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாயா ரெண்டு?" தன் கறுப்புக் கோட்டில் அப்பியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு மேஸ்திரி பின்னால் நின்றிருந்தார். நிமிராமலே தலையை ஆட்டினார். துட்டு வந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி மழை. வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். வராமல் இருக்கவும் பயமாக இருந்தது. போனேன். மற்ற மூவரும் எனக்கு முன்பே வந்து நனைந்துகொண்டிருந்தார்கள். சாக்குகள் குவியலாகக் கிடந்தன. யாரும் தொடவில்லை.

மேஸ்திரி குடையோடு வந்தார். "பாத்துக்கினே இருந்தா தண்ணி தானா பூடுமா?"

அக்கா கையை நீட்டினாள். விரித்த உள்ளங்கையில் மழை விழுந்து நிறைந்தது. அவர் அந்தக் கையையே பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். பிறகு குடையை இடுக்கிக்கொண்டு கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

அன்றைக்கும் ஆட்டம் நடக்கவில்லை. திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று, குமாஸ்தா ஜன்னலைத் திறக்கும்வரை பில்லையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே சாக்கு பிழிந்தேன்.