நாற்பத்தொன்றாம் எண்ணும் ஏகாம்பரமும்

எங்கள் உதவியாளர் ஏகாம்பரம் இறந்த செய்தி ஆய்வகத்துத் தொலைபேசியில்தான் வந்தது. அவருடைய மனைவி செல்வி பேசினார். "மேடம், அவரு பூட்டாரு." எப்போது என்று மட்டும் கேட்டேன்.

மருத்துவமனையைச் சேர்ந்த உங்களில் பலருக்கு அவருடைய வேலை தெரியும். தொண்டைப் புற்றுநோய் அறுவை முடிந்ததும் கட்டியில் ஒரு துண்டும் அதையொட்டிய நல்ல சதையில் ஒரு துண்டும் எங்களுக்கு வரும். ஏகாம்பரம் அவற்றை அரைத்து நொதிகளை அளப்பார். நோய் எவ்வளவு பரவும் என்பதை நொதி முன்பே காட்டுமா என்பது எங்கள் ஆய்வு. டப்பாவில் ஓர் எண்ணும் அறுவை நடந்த தேதியும் இருக்கும். பெயர்ப் பட்டியல் என் மேசையில் பூட்டியிருக்கும்.

ஒரு கோடையில் மின்சாரம் போய் உறைபெட்டி நின்றபோது, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு சைக்கிளில் போய் ஐஸ் கொண்டுவந்தார். மீன் நாற்றம் அடிக்கிறதே என்றேன். "தொண்டைக்கு மீனு தெரியாதா இன்னா?" என்று சிரித்தார்.

பிறகு அவருக்கே குரல் கம்மியது; தொண்டையில் கட்டி. அறுவைக்கு முந்தைய நாள், "ஊரான் தொண்டையெல்லாம் அரைச்சாச்சு, என்துமட்டும் இன்னா தங்கமா? எடுத்துக்கோ மேடம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, பாதிக் குரலோடு வேலைக்குத் திரும்பினார். சேர்ந்து கிடந்த துண்டுகளை அளந்துவிட்டு நோட்டுடன் வந்தார்.

"நாப்பத்தொண்ணு மேடம். இந்த ஆளுக்கு நல்ல சதையிலயும் கட்டி மாதிரியே ஏறிக்கினு கீது. டாக்டராண்ட சொல்லிடு."

"ஒரு ரீடிங்கை வச்சு எதுவும் சொல்ல முடியாது, ஏகாம்பரம். மைக்ராஸ்கோப்புல சுத்தம்னுதான் வந்திருக்கு. இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம்."

"உசுரோட கீற ஆளு மேடம்."

நாற்பத்தொன்று அவர்தான். அது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். மறு அளவுக்காக மீதித் துண்டை அவரே உறைபெட்டியில் எடுத்துவைத்தார். ரசாயனம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ரசாயனம் வந்த பிறகும் தள்ளிப்போட்டேன்.

அறுவை முடிந்த ஒன்பதாம் மாதம் அவருக்கு அதே இடத்தில் கட்டி மீண்டும் வந்தது. உறுதிப்படாத ஓர் அளவை நம்பி மறுபடி கத்தி வைத்திருக்க முடியாது என்றார் அறுவை மருத்துவர். அது நியாயம்தான். ஆனால் கட்டி திரும்பிய பிறகுதான் நான் அந்த மருத்துவரிடம் கேட்டேன்.

இறந்த செய்தி கேட்டு நான் போனபோது, கொருக்குப்பேட்டையில் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அது ஓயும்வரை செல்வி காத்திருந்தார்.

"அந்தத் துண்டு அவரோடதுன்னு அவருக்குத் தெரியும் மேடம். டப்பாமேல ஆபரேசன் தேதி கீதே. 'மேடம் வாயால சொல்லட்டும், நாமளா கேக்கக்கூடாது'ன்னு பாத்துகினே இருந்தாரு."



அவர் எடுத்துவைத்த மீதித் துண்டு இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். தினமும் அந்தக் கதவைத் திறக்கிறேன். இன்னும் அதை அளக்கவில்லை.