ஒன்பதாவது குச்சி

கல்கத்தா பாலிகஞ்சில் நாங்கள் ஏழெட்டு மதராஸ் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் சமைத்தவர், கரி படிந்த பூணூலும் புகையில் கலங்கிய கண்களுமாய் இருப்பார். சுதேசி நாட்கள் அவை. கல்கத்தாவில் செய்த தீப்பெட்டியைத்தான் வாங்குவார். சீமைப் பெட்டியைவிட விலை அதிகம், லேசில் பற்றாது. எட்டுக் குச்சிகள் தலை உதிர்ந்து, ஒன்பதாவது பற்றினால் அதிர்ஷ்டம்.

ஒருநாள் காலை பொறுமையிழந்து என் சீமைப் பெட்டியை நீட்டினேன். "இதுல பத்த வையுங்கோ. காப்பி குடிக்காம என்னால ஆபீஸ் போக முடியாது!"

அவர் வாங்கவில்லை. "நான் வந்த புதுசுல வெச்ச சாம்பார் ஞாபகமிருக்கா அண்ணா? வாயில வெக்க முடியாது. ஆனாலும் நீங்கள்லாம் சாப்ட்டேளே! அதனாலதானே கத்துண்டேன். தீப்பெட்டி பண்றவனையும் யாராவது பொறுத்துக்க வேண்டாமா?"

சில மாதங்கள் கழித்து, ஒரு மழைநாளில், முதல் குச்சியே பற்றியது.

"அண்ணா, ஓடி வாங்கோ!"

எனக்குக் காட்டுவதற்காக இன்னொன்று உரசினார். பற்றியது. இன்னொன்று. அதுவும் பற்றியது. குழந்தைபோல் அவர் சிரிக்க, நானும் வாங்கி உரசினேன். பெட்டி காலியான பிறகுதான் இருவருக்கும் அடுப்பு ஞாபகம் வந்தது. என்னிடம் சீமைப் பெட்டியும் இல்லை. அதை வாங்குவதை விட்டு நாளாயிற்று.

அன்று காப்பி குடிக்காமலே ஆபீஸ் போனேன்.