அம்மா இல்லாத கல்யாண வீடியோ

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். எத்தனையோ வீட்டு அம்மாக்கள் என் கேமராவில் அழுதிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், சாம்பார் வாளியோடு பந்திக்கு ஓடியிருக்கிறார்கள். என் அம்மா மட்டும் எதிலும் இல்லை. "அரே, நீயே ஸ்டுடியோக்காரன், உங்கம்மா வீடியோ ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்கிறவர்களிடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இருந்தது. நான்தான் அழித்தேன்.

நாங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆட்கள். சிலோன் மலையிலிருந்து திருப்பி அனுப்பிய கூட்டத்தோடு சின்ன வயதில் வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும். சுனாமி அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காததால் அம்மா பொட்டை எடுக்கவில்லை. போர்ட் பிளேர் முகாமின் தகரக் கொட்டகையில் ரொம்ப நாள் பொட்டோடுதான் இருந்தாள். யார் என்ன சொன்னாலும், "நீ போயி பாத்தியா?" என்று ஒரே அதட்டு. அப்புறம் ஆபீஸிலிருந்து இறப்புச் சான்றிதழ் வந்தது. அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு அவள் நெற்றியில் பொட்டைப் பார்க்கவில்லை.

போர்ட் பிளேரிலேயே பத்துபஸ்தியில் வாடகை வீடு பிடித்தோம். நான் பக்கத்துக் கராச்சர்மாவில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து தொழில் கற்றேன். அந்தத் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கல்யாண வீடியோவில் புருஷன் இல்லாத பெண்கள் முன்னால் வரக் கூடாது. வந்தால் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் கொடுத்தால், "என்னப்பா இது அபசகுனமா?" என்று டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஜனத்துக் கல்யாணங்களில் பாதிப் பெண்கள் தூணுக்குப் பின்னால்தான் நின்றார்கள். நானும் வெட்டினேன். வேலை என்று வெட்டினேன்.

சுனாமி முடிந்து ஐந்தாம் வருடம் என் தங்கைக்குக் கல்யாணம். அப்போதுதான் ஸ்டுடியோவுக்குப் புதுக் கேமரா வந்திருந்தது. கேசட் கிடையாது, உள்ளேயே ஹார்ட் டிஸ்க். படம் கண்ணாடி போல இருக்கும். வந்த தொல்லை என்னவென்றால், அந்தக் கேமரா படத்தை இறுக்கிச் சுருட்டித்தான் ஃபைலாக வைக்கும். எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டரால் அதை விரித்துப் பார்க்க முடியாது. ஒரு அடி நகரும், நிற்கும், மறுபடி நகரும். எடிட் செய்ய வேண்டுமானால் முதலில் வேறு ஃபைலாக மாற்ற வேண்டும். மற்ற கல்யாணங்களுக்கு என்ன செய்தோமோ அதையே செய்தால் ஃபைல் சின்னதாகிவிடும், முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். என் தங்கை முகம் உடைவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மெயின்லேண்டில் எடிட்டிங் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடித்தேன். படமும் ஒலியும் துளி குறையாமல் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் ஏழெட்டு மடங்கு ஊதிப்போகும். எங்களிடம் இருந்த டிஸ்கில் எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. புது டிஸ்க் கப்பலில் வர வேண்டும், கப்பலோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. "ஜல்தி காலி கரோ பாய், நாளைக்கு இன்னொரு ஷாதி இருக்கு" என்று முதலாளி அடுத்த கல்யாணத்துக்குக் கேமராவைக் காலி செய்து தரச் சொல்லி நின்றார். எதை மாற்றுவது, எதை விடுவது என்று பேப்பரில் ஃபைல் நம்பர்களை எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அடித்தது அம்மா வந்த நம்பர்களைத்தான்.

அதில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணத்தன்று காலை, தங்கைக்கு அலங்காரம் முடிந்த நேரம். அம்மா தேத்தண்ணி டம்ளரோடு வருகிறாள். உதட்டுச் சாயம் கலையாமல் தானே வாயில் ஊற்றுகிறாள். அவள் காதோரம் ஏதோ சொல்லி, கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் வைத்து விரலை நெரிக்கிறாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் அம்மா முகம் முழுசாக இருக்கிறது. அந்த நம்பரின் மேல் கோடு போட்டு, கேமராவிலிருந்தும் அழித்தேன். கை கூசவில்லை. ஊருக்குச் செய்கிற வேலையை வீட்டுக்கும் செய்தேன், பெரிய யோக்கியன்!

டிவிடி பார்த்த அம்மா, "பாப்பா ராசாத்தி மாதிரி இருக்காய்யா" என்றாள். தன்னை அதில் தேடினாளா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில், காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. தங்கை கல்யாணமாகித் திருச்சியில் இருந்தாள். மறுநாள் காலை அவள் ஏறிய பிளேன் இங்கே மேலே வரை வந்து, மழையில் இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பியது. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்து அம்மாவின் பாயைப் பார்த்து அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பத்தாம் நாளுக்கு முன்னால் ஒரு காலையில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, போட்டோ வேணாம்ணே. அம்மா பேசுறது வேணும். ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும். கல்யாணத்தன்னிக்கி எனக்குத் தேத்தண்ணி குடுத்துச்சே, நீ எடுத்துட்டுத்தான இருந்த? காதுல என்னமோ சொல்லுச்சு, அழுகையில எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறல. அதத்தான் கேக்கணும்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கராச்சர்மா பஸ்ஸில் ஏறினேன். எதைத் தேடுவது? அந்தக் கேமராவில் அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம் பதிந்து அழிந்துவிட்டது! அழிந்த ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேர் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். யார் யாரோ மாப்பிள்ளைகள் பாதிப் பாதியாக வந்தார்கள். டிவிடியில் முழுக்கப் பாட்டு. பேச்சுச் சத்தம் எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டுப் பாட்டுப் போட்டவனும் நான்தான்.

கடைசியில் தகரப் பெட்டியிலிருந்து பழைய டிஸ்கை எடுத்தேன். தங்கை கல்யாணத்துக்காக மாற்றிய ஃபைல்கள் அதில் அப்படியே இருந்தன. இவ்வளவு சுத்தமாக யார் செய்வார்கள் என்ற கர்வத்தில் அழிக்காமல் வைத்திருந்தேன். எடிட்டில் ஊமையாக்கினாலும் இவற்றில் ஒலி இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொன்றாக ஹெட்ஃபோனில் கேட்டேன். இரண்டு நாள் கேட்டேன். மேளம், ஐயர், குழந்தைகளின் அழுகை. தேத்தண்ணி எங்கும் இல்லை.

தங்கையின் பின்னலை மட்டும் கிட்டத்தில் எடுத்த ஃபைல் ஒன்று. படத்தில் பூவைத் தவிர வேறொன்றும் இல்லாததால் தப்பியது. பன்னிரண்டு விநாடி. மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு மொட்டும் தெரிந்தது. பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, நா அதுல விழுந்துட்டனா? விழுந்திருந்தா அழிச்சிருய்யா. நல்ல காரியம்."

உடனே என் குரல், சிடுசிடுவென்று: "சரி சரி, அழிச்சிர்றேன். நீ தள்ளு மொதல்ல."

அவ்வளவுதான். ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்கு வந்த புத்தியையும் சொல்லிவிடுகிறேன். என் குரலை வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு நிமிஷ வேலை. அம்மா பேசுவது மட்டும் இருக்கும், தங்கைக்கு ஒன்றும் தெரியாது. வெட்டுகிற இடத்தில் குறிகூட வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து போய் அவளை வரச் சொல்லிப் போன் செய்தேன்.

மழையில் நனைந்துகொண்டே வந்தாள். கேட்பதற்கு முன் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணி ஃபைலை நான் அழித்தது, நம்பரின் மேல் கோடு போட்டது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "போடுண்ணே" என்றாள்.

பன்னிரண்டு விநாடி ஓடி நின்றது. திரையில் அவளுடைய பின்னல் அசையாமல் இருந்தது.

"நானும் அங்கதான்ணே உக்காந்திருந்தேன்," என்றாள். "என் தலைக்குப் பக்கத்துலதான் அம்மா இதச் சொல்லியிருக்கு. இருக்கட்டும்மா, நீயும் வான்னு நா ஒரு வார்த்த சொல்லலையே."

ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றாள். போட்டேன்.